மேல்மாடிச் செய்திகள்

சின்னவன் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து அத்தானின் குரல் வந்தது. "மாப்ள, இன்னைக்கு எப்படி இருக்கா?" சமையலறையில் குழாயை மூடும் சத்தம் கேட்டது. அவன் மனைவியும் காதைத் தீட்டிக்கொண்டுவிட்டாள் என்று அர்த்தம். ஒரு செருப்பு காலிலும் இன்னொன்று கையிலுமாக நின்றபடி அவன் சொன்னான்: "நல்லா தூங்குறா அத்தான்."

ஐம்பதைத் தாண்டி, முன்தலை பளபளவென்று ஆகி, மூக்குக்கண்ணாடியும் ஏறிவிட்ட பிறகும் குடும்பத்தில் அவன் பெயர் சின்னவன்தான். அக்கா கூப்பிட ஆரம்பித்து, ஊரே பிடித்துக்கொண்ட பெயர். அந்த அக்காவைத்தான் நுரையீரலில் சளி கட்டி, மூச்சு விட முடியாமல், ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். தொற்று என்பதால் மேல்மாடி வார்டுக்குள் சொந்தபந்தம் யாருக்கும் அனுமதியில்லை. தினமும் ஒரு தடவை டாக்டர் அத்தானுக்கு ஃபோன் செய்து, "அப்படியேதான் இருக்காங்க, பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். இதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்ன செய்வது? நல்லவேளையாக, சின்னவன் அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறான். "நம்ம ஆளு உள்ளயே இருக்கான்" என்று சொல்லிச் சொல்லியே வீட்டில் அவனுக்குப் பாதி டாக்டர் பட்டம் கொடுத்துவிட்டார்கள். அவன் வேலை பார்ப்பது நிலத்துக்கடியில், சலவைப் பிரிவில். மேல்மாடிக்குப் போகும் லிஃப்டை அவன் வெளியிலிருந்து பார்த்திருக்கிறான், அவ்வளவுதான். அந்த வார்டுக்கும் அவனுக்கும் உள்ள ஒரே தொடர்பு, அழுக்குத் துணி மூட்டைகளைத் தள்ளுவண்டியில் கீழே கொண்டுவரும் அம்மாள். "எங்கக்கா எப்படிம்மா இருக்கா?" என்று அவளிடம்தான் கேட்டான். "தூங்குறாங்க போல இருக்கு அண்ணே" என்றாள் அவள். அந்தப் 'போல இருக்கு' வீட்டுக்கு வரும் வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. 'நல்லா' என்பது எப்படியோ வந்து ஒட்டிக்கொண்டது.

அதைக் கேட்ட அத்தான், தட்டில் காய்ந்துகொண்டிருந்த ரொட்டியை எடுத்துப் பிய்த்தார். சர்க்கரையால் காலில் ஆறாத புண், போதாக்குறைக்கு இதயமும் பலவீனம். அதிர்ச்சி தரும் விஷயம் எதையும் சொல்லக்கூடாது என்று அவருடைய டாக்டர் சொல்லியிருந்தார். தனியாக விட முடியாது என்று இவர்கள் வீட்டுக்கு அழைத்து வந்ததிலிருந்து மனுஷர் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கூடத்துக் கட்டிலில் கிடந்தார். இப்போது ஒரு ரொட்டி முழுசாக உள்ளே போயிற்று. சின்னவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். தான் சொன்ன ஒரு சொல் கண்ணெதிரே ஒருவரின் வயிற்றுக்குள் இறங்குவதைப் பார்ப்பது அவனுக்குப் புதிது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

சலவைப் பிரிவுக்கு ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்று யாராவது வந்து சொன்னால்தான் உண்டு. ராட்சச உருளைகளுக்கு நடுவே கட்டிலில் விரிக்கும் ஈரத் துப்பட்டியைக் கொடுத்தால், மறுபக்கம் அது சுருக்கம் நீங்கி, ஆவி பறக்க வரும். வந்ததை இந்த முனையில் சின்னவனும் அந்த முனையில் அவனுடைய கூட்டாளியும் பிடித்துக்கொண்டு, உதறி, தூக்கி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து மடிப்பார்கள். கூட்டாளி வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற ரகம். இயந்திரங்களின் ஒரே சீரான இரைச்சலில், வெந்நீரும் சோப்பும் கலந்த வாசனையில், நாள் முழுக்க உதறி, தூக்கி, நடந்து, மடித்து, மறுபடி உதறி, விழித்துக்கொண்டே தூங்குவதுபோல் ஒரு நிலை வந்துவிடும். துப்பட்டியைத் தலைக்கு மேல் தூக்கும்போது எதிராளியின் முகம் மறைந்துவிடும் அல்லவா, அந்த ஒரு நொடியில் அந்தப் பக்கம் யார் வேண்டுமானாலும் இருக்கலாம். செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கம் அக்கா இருந்தாள். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். துணி தாழ்ந்தபோது கூட்டாளிதான் நின்றுகொண்டிருந்தான்.

"இன்னைக்கு உக்காந்து தண்ணி குடிச்சா" என்றான் சின்னவன் வீட்டில். அப்படிச் சொல்லும்போது பொய் சொல்வதாகவே அவனுக்குப் படவில்லை. பார்த்ததைச் சொல்வது போலத்தான் இருந்தது.

மறுநாள், "உங்களக் கேட்டா அத்தான். கால் புண்ணுக்கு மருந்து போடறாரான்னு கேட்டா." அத்தான் வேட்டியை ஒதுக்கிக் காலை நீட்டினார். சின்னவனின் மனைவி மருந்தை எடுத்துவந்து கட்டுப்போட்டாள். கட்டிவிட்டு நிமிர்ந்தவள் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்குத் தெரியும். காலையில் அவன் கிளம்பும்போது பையைக் கையில் கொடுத்துச் சொன்னாள்: "வரும்போது காய் வாங்கிட்டு வாங்க. அண்ணனுக்கும் ஏதாவது சேதி கொண்டு வாங்க."

அத்தானோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அக்காவுக்கு ஒரே மகள். கடல் தாண்டி ஒரு வேலையில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே சின்னவனை ஃபோனில் அழைத்திருந்தாள். "லீவு ஒரு தடவைதான் தருவாங்க மாமா. இப்ப வந்துட்டுப் போயிட்டா அப்புறம் கேக்க முடியாது. எப்ப வரணும்னு நீங்க சொல்லுங்க. நீங்கதான பக்கத்துல இருக்கீங்க." சொல்றேம்மா என்று அவனும் ஒப்புக்கொண்டிருந்தான். அம்மாவை மகள் எப்போது வந்து பார்ப்பது என்ற தீர்ப்பு, துப்பட்டி மடிக்கிறவன் கையில் வந்து உட்கார்ந்துவிட்டது.

வியாழக்கிழமை துணிக்கு அந்தப் பக்கம் அக்கா எழுந்தே நின்றாள். "ஓரம் சேரலடா, கண்ணு எங்க இருக்கு உனக்கு?" என்றாள். அக்கா அப்படித்தான் பேசுவாள். தினமும் மதியம் ஃபோன் செய்து, அவன் டப்பாவைத் திறக்கும் நேரம் பார்த்து, நேற்று ஏன் கூப்பிடவில்லை, பல்வலிக்கு ஏன் காட்டவில்லை என்று வறுத்து எடுத்துவிட்டுத்தான் வைப்பாள். ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு உம் கொட்டிக்கொண்டே சாப்பிட்டு முடிப்பான். ஞாயிறிலிருந்து மதியச் சாப்பாடு இறங்க மாட்டேன் என்கிறது. அக்கா மேல் அவனுக்குக் கொள்ளைப் பிரியம். அதை அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை, சொன்னால் அதற்கும் திட்டு விழும்.

அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் கேள்விக்குக் காத்திராமலே சொன்னான். "நர்ஸைத் திட்டிட்டா."

"என்னன்னு?"

"ஊசி போட வந்த பொண்ணுகிட்ட, கையக் கழுவிட்டுத்தான் வந்தியான்னு கேட்டாளாம்."

அத்தான் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாகி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கேப்பா. அவ கேப்பா" என்றார். உடனே மகளைக் கூப்பிட்டு அதையே அப்படியே ஒப்பித்தார். சற்று நேரத்தில் சின்னவனின் ஃபோன் அடித்தது.

"மாமா, பெட்டியெல்லாம் கட்டி வெச்சிருந்தேன். இப்பதான் பிரிச்சேன். அம்மா திட்ட ஆரம்பிச்சுட்டாங்கன்னா இனிமே பயமில்ல. அடுத்த மாசம் வரேன், வீட்டுக்கு வந்ததும் கூட இருந்து பாத்துக்கறேன். சரிதான?"

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். "சரிம்மா" என்றான். படுத்தவனுக்கு ஒரு நினைப்பு ஓடியது. அவன் சொல்லும் சேதி முன்னால் போக, அக்கா ஒருநாள் பின்தங்கி, மெதுவாக, மூச்சு வாங்க வாங்க அதன் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறாள். நாளைக்கு எட்டிப் பிடித்துவிடுவாள். அப்புறம் எதுவுமே பொய்யாக இருக்காது. அந்த நினைப்பைப் போர்த்திக்கொண்டு நிம்மதியாகவே தூங்கிப்போனான்.

வெள்ளிக்கிழமை தள்ளுவண்டி சீக்கிரமே வந்தது. அந்த அம்மாள் மூட்டையை இறக்காமல் நின்றாள்.

"அண்ணே, குழாய் போட்டு மெஷின்ல வெச்சிருக்காங்க. காலையில இருந்து ஒரே ஓட்டமா இருக்கு. வெளியூர்ல யாராவது இருந்தா வரச்சொல்லிடுங்க."

"நேத்து?" என்றான் சின்னவன். "நேத்து எப்படி இருந்தா?"

"நேத்தும் கண்ண முழிக்கலையே அண்ணே. வந்த நாள்ல இருந்து அப்படித்தான்."

கையிலிருந்த துப்பட்டியைக் கூட்டாளி வாங்கிக்கொண்டான். சின்னவன் பின்கட்டுக்கு வந்தான். காலி வண்டிகள் வரிசையாக நின்றன. வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அக்கா மகளை ஃபோனில் கூப்பிட்டு, "கிளம்பி வாம்மா" என்றான்.

"என்ன மாமா? நேத்துதான திட்டினாங்கன்னு சொன்னீங்க?"

"அவ திட்டலம்மா. நானா சொன்னது."

மறுமுனையில் யாரோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது.

"தண்ணி குடிச்சது?"

"அதுவும்."

"அப்பாவக் கேட்டது?"

அவன் காலி வண்டி ஒன்றின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க பாக்கவே இல்லையா?"

"என்னைய அங்க விட மாட்டாங்கம்மா. நான் கீழ துணி துவைக்கிறேன்."

ஃபோன் துண்டிக்கப்பட்டது. பேசியிருந்தால், ஏசியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. வீட்டுக்கு ஃபோன் செய்தான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட மனைவி குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அண்ணன் பக்கத்துலதான் இருக்கார். பக்குவமா நான் சொல்லிக்கிறேன். நீங்க மேல போய்க் கேளுங்க. கால்ல விழுந்தாவது கேளுங்க."

காலில் விழ வேண்டியிருக்கவில்லை. இந்த நிலைமையில் வீட்டு ஆள் ஒருவரைக் கொஞ்ச நேரம் அனுமதிப்பது வழக்கம்தானாம். யாரும் வந்து கேட்கவில்லை என்பதால் யாரும் சொல்லவில்லை. நீல அங்கியும் தொப்பியும் முகக்கவசமும் மாட்டி, வார்டுக் கதவைத் திறந்து விட்டார்கள். முதலில் அவன் கண்ணில் பட்டது ஜன்னல். அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே பெரிய ஜன்னல், அதில் முழு வானம். இத்தனை நாள் அவன் கொண்டுபோன சேதிகளில் ஒன்றில்கூட ஜன்னல் இல்லை. கட்டிலில் இருந்தவளும் அவன் சொன்ன அக்கா இல்லை. இவள் ரொம்பச் சின்னதாக இருந்தாள்.

அங்கிக்குள் ஃபோன் அதிர்ந்தது. நர்ஸைப் பார்த்தான். மெதுவாகப் பேசுங்கள் என்று சைகை காட்டிவிட்டு அந்தப் பெண் திரும்பிக்கொண்டாள்.

"ஏர்போர்ட்ல இருக்கேன்." மாமா என்று சொல்லவில்லை. "எங்க இருக்கீங்க?"

"அம்மா பக்கத்துல."

"நெஜமாவா?"

"ஆமாம்மா."

"பாக்கறத மட்டும் சொல்லுங்க" என்றாள்.

சின்னவன் பார்த்தான். "கண்ணு மூடியிருக்கு. வாயில குழாய் இருக்கு. மெஷின் மூச்சு விடுது, அதோட நெஞ்சு ஏறி இறங்குது."

"அப்புறம்?"

"கையெல்லாம் வீங்கியிருக்கு. வளையல கழட்டிட்டாங்க. உதடு வெடிச்சிருக்கு, ஏதோ தடவியிருக்காங்க. முடிய ரெண்டாப் பிரிச்சுப் பின்னி விட்டிருக்காங்க."

"ரெட்டப் பின்னலா? அம்மாவுக்கா?"

"ஆமா. ஸ்கூலுக்குப் போற பொண்ணு மாதிரி."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. "இன்னும் சொல்லுங்க" என்றாள்.

அப்போதுதான் இடதுகைச் சுண்டுவிரல் அசைந்தது. துணிக்கு மேல் ஒரு நூலிழை தூரம், ஏதோ ஒன்றைத் தள்ளிவிடுவது போல. சின்னவன் வாயைத் திறந்தான். அசைந்ததா? மெஷின் அதிர்வா? இல்லை, இதுவும் அவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிற சங்கதியா? முகக்கவசத்துக்குள்ளிருந்து வந்த மூச்சில் கண்ணாடி மங்கிப்போயிருந்தது.

"இருக்கீங்களா? இன்னும் என்ன?"

அவள் பின்னால் ஏதோ ஒரு விமானத்தின் அறிவிப்பு ஒலித்துக்கொண்டிருந்தது.

"இரும்மா" என்றான். "பாத்துச் சொல்றேன்."

கண்ணாடியைக் கழற்றினான். கட்டிலருகே முட்டிபோட்டு, அந்த விரலுக்கு நேராக முகத்தைக் கொண்டுபோய், இமைக்காமல் பார்க்கத் தொடங்கினான்.