நோம்பு மாதத்துக் கிணறு

என் கணவர் லாபிருக்குப் பொறுமை என்பது நோம்பு மாதத்தில் மட்டும்தான் வரும். எண்பதாம் ஆண்டு அதுவும் வரவில்லை. நோம்பும் வெங்காயமும் அந்தக் கோடையில் ஒன்றாக வந்துவிட்டன. நிலாவெளி வெயிலில் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிணற்றில் துலா இழுத்துத் தண்ணீர் அள்ளுவது லேசான காரியமில்லை. ஆகையால் கிண்ணியாவிலிருக்கும் என் தம்பி அஸீமிடம் தண்ணீர் இறைக்கிற மிஷினை இரவல் வாங்கி வந்து கிணற்றடியில் இறக்கினார்.

"மெல்ல இறைங்க. கடல், ரோட்டுக்கு அங்காலதான் கிடக்கு" என்றேன்.

"அது அங்கதான் கிடக்கும் புள்ள. எங்க போகப்போகுது?" என்றார்.

எங்கள் பக்கத்து மணலில் நல்ல தண்ணீர் மேலே நிற்கும், உவர் அடியில் கிடக்கும். துலாவால் அள்ளினால் மேலே நிற்பதுதான் வரும். மிஷின் மேலென்றும் கீழென்றும் பார்க்காது. இது லாபிருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே அவசரப்படுவதில் அவரை வெல்ல ஆளில்லை.

அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. போன இரண்டு போகமும் பொய்த்துப் போயின. இந்த வெங்காயமும் பொய்த்தால் சவூதிக்குப் போவதென்று முடிவு செய்து பாஸ்போட்டும் எடுத்துவிட்டார். அவரோடு சண்டை பிடிக்காமல் எனக்கு ஒரு நாள் போகாது. சவூதியிலிருப்பவரோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

நோம்பின் நடுவில் வெங்காயத் தாளின் நுனி மஞ்சளித்தது, பிறகு கருகியது. லாபிர் வெயில் என்றார். வெயிலுக்கு மருந்து தண்ணீர்தானே என்று மிஷினை இன்னும் கொஞ்ச நேரம் ஓடவிட்டார். தாள் இன்னும் கருகியது.

பக்கத்துக் கத்தரித் தோட்டம் மக்டலின் அக்காவுடையது. அவர் எங்களுக்குக் களை பிடுங்க வருவார், நாங்கள் அவருக்குப் போவோம். அன்றும் வந்திருந்தார். வெயில் ஏறியதும் எழுந்து, கிணற்றைத் தாண்டி ரோட்டுப் பக்கம் நடந்தார்.

"எங்க அக்கா போறீங்க?"

"வீட்ட ஒருக்கா போட்டு வாறன்." கொஞ்சம் தயங்கினார். "தண்ணி குடிக்க."

"கிணறு இஞ்சதானே இருக்கு?"

"நீங்கள் ரெண்டு பேரும் வாய் காய்ஞ்சு நிக்கேக்க, உங்களுக்கு முன்னால நான் மடமடவெண்டு குடிக்கிறதோ? நோம்பு துவங்கின நாளில இருந்து நான் இஞ்ச குடிக்கிறேல்லை."

எனக்குப் பொறி தட்டியது. மற்ற மாதங்களில் அந்தக் கிணற்றின் முதல் வாளி மக்டலின் அக்காவின் வாய்க்குத்தான் போகும். நாங்களோ நோம்பு. தொழுகைக்கு ஒளுச் செய்து வாய் கொப்பளிப்பது பள்ளிவாசலிலும் வீட்டிலும். நோம்பு துறப்பதும் வீட்டுத் தண்ணீரில். மிஷின் வந்த பிறகு இந்தத் தண்ணீரை ஒருவருமே வாயில் வைக்கவில்லை.

கிணற்றடிக்குப் போய் மிஷின் தண்ணீரில் விரலை நனைத்து, கறிக்கு உப்புப் பார்ப்பதுபோல நாக்கு நுனியில் வைத்துத் துப்பினேன்.

"நோம்போட என்ன வேலை செய்றாய்?" என்று லாபிர் பதறினார்.

"உப்புப் பார்க்கிறன். கறியெண்டால் சரியா இருக்கும்."

அவர் கிணற்றுக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். "அப்ப நானேதான் ஊத்திக் கருக்கியிருக்கன். முடிஞ்சுது புள்ள" என்றார். 'நான் அப்பவே சொன்னன்' என்ற சொல் என் வாய் நிறைய இருந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன். அதை விழுங்கினால் நோம்பு முறியாதென்று நினைக்கிறேன்.

"யோசிக்கப் பின்னேரம் நேரம் இருக்கு. மண்வெட்டியை எடுங்க" என்றேன்.

கடலை விட்டு எட்ட, பனைகளின் பக்கமாக மூன்று பூவல் தோண்டினோம். பூவல் என்பது மணலில் இறங்கி அள்ளுகிற ஆழமில்லாத பள்ளம். ஊற்று மெல்லத்தான் சுரக்கும், அவசரக்காரருக்கு ஆகாது. ஆனால் அதிலும் உவர் கலந்திருக்கலாம். நாக்கு நுனிக்குக் கடும் உப்புத்தான் பிடிபடும். இலேசான உவரைக் குடித்துத்தான் அறிய வேண்டும்.

"அக்கா, நீங்கதான் குடிச்சுச் சொல்ல வேணும்."

"உங்களுக்கு முன்னாலயோ? எனக்கு ஏலாது, ஸல்ஹா."

லாபிர் பள்ளத்துக்குள் நின்றபடி தேங்காய்ச் சிரட்டையில் அள்ளி நீட்டினார். உதடு வெடித்திருந்தது. "இந்த நோம்புக்கு நீங்க எனக்குச் செய்யிற நன்மை இதுதான் அக்கா. எனக்கு முன்னால வயிறு நிறையக் குடிங்க."

மக்டலின் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு குடித்தார். முதல் பூவலைத் துப்பினார். இரண்டாவதில் ஒரு சிரட்டை முழுக்க இறங்கியது. மூன்றாவதில் இன்னொன்று கேட்டார்.

மிஷின் கிண்ணியாவுக்குத் திரும்பிப் போனது. நாங்கள் வாளியால் சுமந்தோம். தினமும் காலையில் மக்டலின் அக்கா குடித்துச் சொன்ன பிறகுதான் பாத்திக்கு ஒரு சொட்டு விழும். போகப் போக அவருக்கும் கூச்சம் விட்டது, ஏப்பமும் விட்டார். ரோட்டுப் பக்கத்துப் பாத்திகள் செத்துப் போயின. மற்றவை உள்ளிருந்து புதுத் தாள் விட்டன.

பெருநாள் கழிந்து வெங்காயத்தைக் கிண்டியெடுத்தோம். காய் கொஞ்சம் சிறிதுதான், ஆனால் சிவந்து இறுகியிருந்தது. முற்றத்தில் மூவரும் இருந்து பிடி கட்டினோம். சவூதிக் கதையை லாபிர் எடுக்கவில்லை. பதிலுக்குப் பயந்து நானும் கேட்கவில்லை. அவரோ ஒவ்வொரு காயாக எடுத்து, அமத்திப் பார்த்து, சிலதை மட்டும் தன் பக்கத்தில் தனியாக வைத்துக்கொண்டிருந்தார்.

"அது ஆருக்கு?" என்றேன். பயணத்துக்கு எடுத்து வைக்கிறாரோ என்ற நினைப்பில் வந்த குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"விதைக்கு. அடுத்த போகம் நடுறதில்லையா?" என்றார், தலை நிமிராமல். "குசினிக்குள்ள அடுப்புக்கு மேல இதுகளைத் தொங்கவிட ஒரு கொடி கட்டு புள்ள, புகை படுற மாதிரி."

நான் குசினிக்குள் போய் ஆசை தீர அழுதேன். பிறகு கயிறு தேடிக் கொடி கட்டினேன்.