பென்சில்வேனியாவின் சட்டசபை

பவளம் கணவனின் பட்டு வேட்டிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது கிரிஜா அழுதபடியே உள்ளே வந்தாள். பதினொரு மணிக்கு ஸ்பிரிங்வேல் மயானத்தில் தகனம். அவள் கணவர் மகேந்திரராஜா இறந்து மூன்று நாளாகிறது. டண்டினொங் பள்ளிக்கூடமொன்றில் கணக்குப் படிப்பித்துக்கொண்டு நின்றவர் கரும்பலகையடியில் சரிந்தார். அவ்வளவுதான்.

பவளத்துக்கு இன்னும் அழுகை வரவில்லை. இவள் அழுகிற அழுகையைப் பார்க்க வயிறு எரிந்தது.

கிரிஜா பக்கத்துத் தெரு சேஷாத்ரியின் மனைவி. அமெரிக்கா இங்கிலாந்துக்குக் கீழே இருந்த காலத்தில் பென்சில்வேனியா மாகாணத்தில் சட்டங்கள் எப்படி உருவாகின என்று மகேந்திரராஜா பல்கலைக்கழகத்துக்கு ஓர் ஆய்வு எழுதிவந்தார். அறுபத்தெட்டில் தொடங்கியது, எழுபத்தைந்து பிறந்தும் முடியவில்லை. அதைத் தட்டச்சு செய்து கொடுத்தவள் கிரிஜாதான். சனிக்கிழமைகளில் முன்னறையில் இருவரும் தாளும் கையுமாக இருப்பார்கள். பவளம் தேத்தண்ணியை வைத்துவிட்டுக் குசினிக்குத் திரும்பிவிடுவாள். அங்கே நின்றால் அவர் சிரிப்பது கேட்கும். அப்படியொரு சிரிப்பை அவர் தன்னோடு சிரித்ததாக அவளுக்கு நினைவில்லை.

"அக்கா, யுனிவர்சிட்டி ப்ரொபசர் போன் பண்ணினார். இன்னைக்கு மண்டபத்துல சாரோட ஆராய்ச்சியைப் பத்தி அஞ்சு நிமிஷம் என்னைப் பேசச் சொல்றார். நீங்க சரின்னு சொன்னா..."

பவளம் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"என்ர மனிசனைப் பற்றி நீர் கதைக்கத் தேவையில்லை."

கிரிஜா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரிக்கா."

தகன மண்டபத்தில் பேராசிரியர் இரண்டு வசனம் சொன்னார். நல்ல மனிதர், கடும் உழைப்பாளி. அதன்பிறகு வேறு யாராவது பேசுவார்களா என்று சுற்றிப் பார்த்தார். அவர் கண் கிரிஜாவிடம் போய் நின்றது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். ஏழு வருடத்துச் சனிக்கிழமைகளைப் பற்றி ஒருவர்கூட வாய் திறக்காமல், சவப்பெட்டியை மறைத்துத் திரை மூடியது. நினைத்தது நடந்தும் பவளத்தின் நெஞ்சு ஆறவில்லை.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. கூரையடியில் தனியாக நின்ற கிரிஜாவிடம் போனாள்.

"அந்த ஆராய்ச்சியைப் பற்றி உம்மட்ட எல்லாம் சொன்னவரோ?"

"நான் கேட்டேன்க்கா. புரியாம டைப் பண்ணினா தப்பு வந்துடும்னு. அந்த மாகாணத்துச் சபைக்கு முதல்ல சட்டம் எழுதற உரிமையே இல்லையாம். கவர்னரும் அவரோட கவுன்சிலும் எழுதிக் கொண்டுவர்றதுக்கு சரி, இல்ல, இந்த ரெண்டுல ஒண்ணுதான் சொல்லலாமாம். அந்த இடம் வந்தாலே சார் சிரிச்சிடுவார்."

"அதில சிரிக்க என்ன இருக்கு?"

கிரிஜா தயங்கினாள்.

"'எங்கட வீட்டில நான்தான் அந்தச் சபை, பவளம்தான் கவர்னர்' அப்படின்னு சொல்லுவார்."

பவளம் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். அதைக்கூட இவளிடம்தான் சொல்லியிருக்கிறார்.

சேஷாத்ரி காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். பவளம் பின்கதவைத் திறந்தாள். ஏறவில்லை.

"பிறகு அந்தச் சபைக்கு உரிமை கிடைச்சதோ?"

"கிடைச்சுதுக்கா. கிட்டத்தட்ட இருபது வருஷம் சண்டை போட்டு வாங்கினாங்க."

பவளம் ஏறி உட்கார்ந்தாள். பக்கத்தில் வைத்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மறுபக்கக் கண்ணாடியோரமாக நகர்ந்து கிரிஜாவுக்கு இடம் விட்டாள்.