வாடை இல்லாத சிப்பி

ஆஸ்பத்திரியிலிருந்து தங்கை நேராகச் சிப்பிக் கொட்டகைக்கு வந்தாள். அக்காவின் தொண்டையில் குழாய் இறக்கியிருந்தார்கள். மெஷின்தான் அவளுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நேற்று மத்தியானம் சாப்பிட்டு எழுந்தவள், "உதடு மரத்துப்போச்சுடி, ஊசி போட்ட மாதிரி" என்று சிரித்தாள். அப்புறம் விரல். அப்புறம் நாக்கு. பொழுது சாய்வதற்குள் மூச்சுக்கே திண்டாட்டம். தின்றது இந்தக் கொட்டகைச் சிப்பி.

உள்ளே பெரியப்பா சிப்பிப் பெட்டிகளுக்கு ஐஸ் போட்டுக்கொண்டிருந்தார். கொட்டகை அவருடையது. பெட்டிக்குப் பெட்டி மூக்கை நுழைத்து முகர்ந்து, திருப்தியாகத் தலையாட்டினார். வாசலில் லாரி உறுமிக்கொண்டு நின்றது.

"அக்கா எப்படிம்மா இருக்கா?"

"பேச்சு மூச்சில்ல. இதெல்லாம் எங்க போகுது?"

"சந்தைக்குத்தான். வேற எங்க, சந்திரனுக்கா?"

லாரி டிரைவர் சிரித்தான். அவள் பார்த்த பார்வையில் சிரிப்பு பாதியில் நின்றது.

"கரையோரத் தண்ணி செம்மண் கரைச்ச மாதிரி கிடக்கு, பெரியப்பா. விஷப் பாசி. அதைத் தின்ன சிப்பி இது. டாக்டரே சொல்றாரு."

"ஆய்வுக்கூடத்துல பாஸ் ஆயிருக்குடி!"

"ஆய்வுக்கு எந்தக் கயித்துச் சிப்பியைக் கொடுத்தனுப்புனீங்க?"

பெரியப்பா ஐஸைக் கிளறினார். சிப்பி வளர்க்க அவர் கடலில் கயிறுகளைத் தொங்கவிட்டிருந்தார். கரையை விட்டுத் தள்ளி, தெளிந்த தண்ணீரில் தொங்கும் வெளிக்கயிற்றில்தான் சிப்பி கொழுகொழுவென்று இருக்கும்.

"நல்லதைத்தானே காட்டணும்? விருந்தாளிக்கு உடைஞ்ச தட்டுலயா சோறு போடுவோம்?"

"அக்காவுக்குக் கொடுத்தது?"

"அதுவும் இந்தப் பெட்டிகளும் கரையோரக் கயிறு... வேகவெச்சா எல்லாம் போயிடும்னு நெனச்சேன்."

"தளதளன்னு கொதிக்கவெச்சுத்தான் தின்னா. போகல!"

"கெட்டிருந்தா வாடை வராதா? நீயே மோந்து பாரேன்."

குனிந்து முகர்ந்தாள். சுத்தமான கடல் வாசனை. நேற்று அக்காவின் சட்டியிலும் இதே வாசனைதான் வந்தது. அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

ஜெனரேட்டர் பக்கத்திலிருந்த டீசல் கேனைத் தூக்கினாள். மூடியைத் திருகி எறிந்தாள். ஒரு பெட்டி விடாமல் ஊற்றிக்கொண்டே போனாள்.

"அடிப்பாவி! வயித்துல அடிக்கிறியேடி! டேய், பிடிடா அவள!"

டிரைவர் அவளைப் பிடிக்கப் போகவில்லை. லாரியில் ஏறி என்ஜினை அணைத்தான்.

"நான் ஏத்த மாட்டேன், மொதலாளி. என் வீட்டுலயும் சிப்பி தின்றவங்க இருக்காங்க."

காலிக் கேனை வீசிவிட்டு, ஒரு பெட்டியைக் காலால் பெரியப்பா முன் தள்ளினாள்.

"இப்ப மோந்து பாருங்க."