கடலைக்காட்டு மின்சுற்று

மலையாண்டிக்குக் காலையில் எழுந்ததும் முதல் வேலை காட்டுக்குப் போய் லைனை அவிழ்ப்பது. பல் துலக்குவது, டீ குடிப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான். இரண்டு ஏக்கர் கடலையைச் சுற்றி முழங்கால் உயரத்தில் கட்டுக்கம்பி இழுத்து, மோட்டார் ரூமிலிருந்து நேராக மின்சாரம் கொடுத்திருந்தார். பொழுது சாய்ந்ததும் கொக்கியை மாட்டுவார், காலை ஏழரைக்குக் கழற்றுவார். காட்டுப்பன்றிக் கூட்டம் ஒரே ராத்திரியில் ஒரு ஏக்கரைக் கிளறிப் போட்டுவிட்டுப் போன வருஷத்திலிருந்து இந்த ஏற்பாடு. சட்டப்படி தப்பு என்று அவருக்குத் தெரியும். ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரிந்த விஷயத்தை யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

அன்று காட்டுக்குப் போகிற வழியில், திருக்கோஷ்டியூர் சாலை முக்கில் இருக்கும் டீக்கடை முன்னால் குருநாதன் அவருடைய வண்டியை மறித்தார். குருநாதனுக்கும் பக்கத்தில்தான் காடு. அவருடைய பேத்தி பாண்டீஸ்வரியும் மலையாண்டியின் மகள் அகல்யாவும் ஏழாம் வகுப்பில் ஒரே பெஞ்சு.

"மாப்ள, இங்குட்டு வா. ஒம் மக என்ன பேசுதுன்னு பாரு."

போனை நீட்டினார். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்த வீடியோ. அனுசுயா டீச்சர் இந்தப் பள்ளிக்கு வந்ததிலிருந்து நடக்கிற பழக்கம் இது. பாடத்தைப் பிள்ளைகளே கூட்டுச் சேர்ந்து இரண்டு நிமிட வீடியோவாக எடுத்துக் குழுவில் போட வேண்டும். மறுநாள் வகுப்பில் அதைப் பெரிய டிவியில் ஓடவிட்டு மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். பதில் இல்லையென்றால் திரும்பவும் எடுக்க வேண்டும். கேள்வி கேளுங்கள் என்று சொல்லிவிட்டால் போதும், பிள்ளைகள் விடுவார்களா? சிலர் ராத்திரியே குழுவில் ஆரம்பித்துவிடுவார்கள். இந்த வாரம் மின்சுற்று. உங்கள் வீட்டில் இருப்பதிலிருந்தே ஓர் உதாரணம் காட்டுங்கள் என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

அகல்யா இரட்டைச் சடையோடு நின்று பேட்டரி, வயர், பல்பு என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். பல்பு எரிந்தது. பிறகு கேமரா திரும்பியது.

"இது எங்க கடலைக்காடு. இந்தக் கம்பில ராத்திரி எங்கப்பா கரண்டு குடுப்பாக. இதுல பல்பு எங்கன்னு கேப்பீக. யாரு வந்து தொடுறாகளோ அவுகதான் பல்பு. அவுக ஒடம்பு வழியா கரண்டு மண்ணுக்குப் போயி சுத்து முடிஞ்சிரும். நன்றி, வணக்கம்."

சிரித்துக்கொண்டே கும்பிட்டாள். மலையாண்டி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடையில் வேறு யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்தார்.

"எங் காட்டுலயும் கம்பி கெடக்கு," என்றார் குருநாதன் தாழ்ந்த குரலில். "ஒன்னப் பிடிக்க வாறவன் என்னய மட்டும் விட்டுட்டா போவான்? மொதல்ல போயி அத அழிக்கச் சொல்லு."

மலையாண்டிக்கு ஒரு வீடு நினைவுக்கு வந்தது. போன வருஷம் நாலு ஊர் தள்ளி, அவிழ்ந்துபோன மாட்டைத் தேடிப் போனவன் இப்படி ஒரு கம்பியில் விழுந்து கிடந்தான். காட்டுக்காரர் சிறைக்குப் போனார். செத்தவன் வீட்டுத் துட்டிக்குப் போய் வந்தவர்தான் மலையாண்டி. வந்து தலைக்குக் குளித்துவிட்டு, அன்று சாயங்காலமும் கொக்கியை மாட்டினார். மனிதனுக்குத் தன் கம்பி மட்டும் யாரையும் ஒன்றும் செய்யாது என்று ஒரு நம்பிக்கை.

இப்போது அந்த நம்பிக்கை போய், போலீஸ் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. வண்டியைத் திருப்பினார். பள்ளிக்கூடம் இரண்டு கிலோமீட்டர். போலீஸ் ஜீப், ஈபிக்காரர்கள், மனைவி மீனம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுவது, எல்லாம் வழி நெடுகக் கண்முன் வந்தன. வராத ஒன்று, அவிழ்க்காமல் விட்ட லைன்.

எட்டு மணிக்குக் காரைக்குடி பஸ்ஸிலிருந்து அனுசுயா டீச்சர் இறங்கினார். மலையாண்டி கேட் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், அந்த வீடியோவ அழிச்சிருங்க. ஒங்க கால்ல வேணாலும் விழுகுறேன்."

"ராத்திரி பாத்ததுல இருந்து எனக்கும் தூக்கம் இல்லண்ணே. குழுவுல எழுதுனா ஊரே பாக்கும், நேர்ல வந்து பேசலாம்னு இருந்தேன். வீடியோ கெடக்கட்டும். மொதல்ல அந்தக் கம்பிய எடுங்க."

"கம்பியப் பெறகு பாப்போம். நீங்க மொதல்ல அழிங்க டீச்சர்."

டீச்சர் பெருமூச்சு விட்டுப் போனைத் திறந்தார். ஏழு நாற்பதுக்கு வந்த குரல்பதிவு ஒன்று கேட்காமல் கிடந்தது. அகல்யாவுடையது. அழுத்தினார்.

"டீச்சர், மண்ணு எப்புடி வயரு ஆகும்னு பாண்டீஸ்வரி ராத்திரி கேட்டாள்ல? அதுக்குப் பதில் எடுக்க நான், அவ, மாயக்கண்ணன் மூணு பேரும் காட்டுக்குப் போறோம். எடுத்துட்டு நேரா ஸ்கூலுக்கு வந்துருவோம். கம்பில கைய வச்சே காட்டப் போறேன். பயப்படாதீக டீச்சர், எங்கப்பா ஏழரைக்கெல்லாம் லைன அவுத்துருவாக. ஒரு நாளும் மறந்ததில்ல."

மலையாண்டி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அவுக்கல," என்றார். "டீச்சர், இன்னைக்கு நான் அவுக்கல."

மீனம்மாள் நூறு நாள் வேலைக்குப் போயிருந்தாள். அவள் போன் அகல்யாவிடம்தான் இருந்தது. அடித்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி அடித்தார், அதே பதில்.

டீச்சர் சொன்னார். "வீடியோ எடுக்கையில போன் வந்தா கெட்டுப் போகும், ஏரோபிளேன் மோடுல போடுங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். நாந்தான் சொல்லிக் குடுத்தேன்."

மலையாண்டி அடுத்துக் குருநாதனுக்கு அடித்தார். "மாமா, காட்டுக்கு ஓடுங்க! லைன் அவுக்கல. பிள்ளைக அங்க நிக்குதுக. ஒங்க பேத்தியும் நிக்கிது!" மறுமுனையில் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. அறுபது வயதுக்காரர், முழங்கால் வலிக்காரர், டீக்கடையிலிருந்து காட்டுக்கு ஒரு மைல்.

டீச்சர் கேட்காமலே வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டார். கண்மாய்க்கரை மண் பாதையில் அந்தப் பழைய வண்டி எவ்வளவு போகுமோ அவ்வளவும் போனது. மலையாண்டி வேண்டாத சாமி இல்லை. முதல் வரியையே பத்துத் தடவை திக்கித் திக்கி எடுக்கிறவள் என் மகள், இன்றைக்கும் திக்கட்டும், கையை வைக்கிற இடத்துக்கு அவள் வந்து சேரக்கூடாது என்று வேண்டினார். மகள் நன்றாகப் பேச வேண்டும் என்று நேற்று வரை வேண்டியவர் அவர்.

வேப்பமரத்தைத் தாண்டியதும் தெரிந்தது. பாண்டீஸ்வரி போனைப் பிடித்திருந்தாள். மாயக்கண்ணன் படம் வரைந்த சார்ட்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். அகல்யா கம்பிக்கு முதுகைக் காட்டிக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். கம்பிக்கும் அவள் சடைக்கும் ஒரு சாண் இருக்கும். கால் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தாள். மண் பனியில் நனைந்து கிடந்தது.

மலையாண்டி வண்டியை நிறுத்திக் கத்துவதற்கு வாயைத் திறந்தார். டீச்சர் பின்னாலிருந்து அவர் வாயைப் பொத்தினார்.

"கத்தாதீக. பதறிப் பின்னால சாஞ்சிருவா. நீங்க மோட்டார் ரூமுக்கு ஓடுங்க."

அவர் வரப்பில் ஓடினார். இருநூறு அடிதான். அந்த இருநூறு அடி அவருக்கு முடியவே இல்லை. பின்னால் டீச்சரின் குரல் கேட்டது. தினமும் முதல் மணியில் வருகைப்பதிவேட்டைத் திறந்து கூப்பிடும் அதே குரல், கொஞ்சமும் உயராமல்.

"ஏழாம் வகுப்பு. அகல்யா."

"உள்ளேன் டீச்சர்," என்றாள் அகல்யா, பழக்கத்தில்.

"அப்படியே முன்னால பாத்து எந்திரி. திரும்பாத. என்னப் பாத்து நடந்து வா. மாயக்கண்ணன், பாண்டீஸ்வரி, நீங்களும் வாங்க."

எழும்போது சடை முன்னால் வந்து தோளில் விழுந்தது. பிள்ளை நாலு எட்டு வைத்து வந்துவிட்டாள். டீச்சர் மூன்று பேரையும் சேர்த்து அணைத்துக்கொண்டார். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. மோட்டார் ரூமில் மலையாண்டி பீஸ்கட்டையைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

அகல்யா ஓடிவந்தாள். அப்பா இப்படி உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

"என்னப்பா? நீங்கதான் லைன அவுத்திருப்பீகளே?"

"அவுக்கலத்தா. ஒன் வீடியோவ அழிக்கச் சொல்லி ஓடுனேன். லைன மறந்துட்டேன்."

அகல்யா தன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். மலையாண்டி அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

குருநாதன் இரைக்க இரைக்க வந்து சேர்ந்தார். பேத்தியைத் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்தார். உயிர் வந்ததும் கோபமும் வந்தது. நாம்தான் கோபத்தைப் பெரும்பாலும் தப்பான வாசலில் கொண்டுபோய் இறக்குகிறவர்கள் ஆயிற்றே.

"எல்லாம் இந்த டீச்சரால வந்தது! பாடத்தப் போர்டுல எழுதிப் போட்டாப் போதாதா? வீடியோவாம் வீடியோ!"

"என் தப்பும் இருக்குங்கய்யா," என்றார் டீச்சர். "எங்க போயி எடுக்குதுகன்னு நான் கேட்டிருக்கணும்."

மலையாண்டி எழுந்தார். "டீச்சரச் சொல்லாதீக மாமா. அவுக உள்ளதக் காட்டச் சொன்னாக. எம் மக உள்ளதக் காட்டுனா. வெளிய தெரிஞ்சா ஜெயிலுன்னு தெரிஞ்சே செஞ்சவன் நானு."

"அதுக்குன்னு கம்பிய எடுத்துட்டாப் பன்னி சும்மா விடுமாய்யா?"

"விடாது. திங்கட்டும். பாரஸ்ட்டு ஆபீசுல எழுதிக் குடுத்து நஷ்டத்தக் கேப்போம், தர்றதத் தரட்டும். ரெண்டு ஏக்கர் கடலைக்கு மூணு பிள்ளைகளக் குடுக்கப் பாத்தோமே மாமா. பன்னிக்குன்னுதான் போட்டோம். கரண்டுக்கு அத யாரு சொல்றது?"

குருநாதனால் பேத்தியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மலையாண்டி முதல் குச்சியைப் பிடுங்கினார். கம்பியைச் சுருட்டிக்கொண்டே வந்து, பாதியில் நின்று டீச்சரைப் பார்த்தார்.

"வீடியோவ அழிக்க வேணாம் டீச்சர். இதையும் அதோட சேத்துருங்க. நீ எடு ஆத்தா, அகல்யா."

அவளோடு டீச்சரும் சேர்ந்து போனைப் பிடித்தார். மலையாண்டி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்துப் பேசினார்.

"எம் பேரு மலையாண்டி. இந்தக் கம்பிய இழுத்தவன் நாந்தான். ஒரு நாளும் மறக்க மாட்டேன்னு எம் மக நம்பிக்கிட்டு இருந்தா, நானும் நம்பிக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு மறந்துட்டேன். எங்கப்பன் அவுத்திருப்பான்னு நம்பி ஒங்க பிள்ளையும் ஒரு நாள் கைய வைக்கும். கரண்டு வேலி போட்டிருக்கவுக எல்லாரும் இன்னைக்கே போயிக் கழட்டுங்க. இது வேலி இல்லைய்யா, ஆளு வாரதுக்கு முன்னாடியே செஞ்சு வச்ச கொலை."