பெயின் என்றால் போதாது

எங்கள் வீட்டில் திரும்பிய பக்கமெல்லாம் இங்கிலீஷ். என் ஓரகத்தி, அதாவது கொழுந்தனின் மனைவி, கண்ணாடியிலும் பிரிட்ஜிலும் புதுப்புது வார்த்தைகளாய்ச் சீட்டு ஒட்டி வைத்திருந்தாள். மொழிபெயர்ப்பாளர் வேலைக்குப் பரீட்சையாம். என் தையல் மிஷினைக்கூட விடவில்லை.

"இருக்கிற இங்கிலீஷ் பத்தாதா? நாக்கு சுளுக்கிக்கப் போகுதுடி!" என்று எரிந்து விழுவேன்.

"சுளுக்கினா நீங்க நீவி விடுங்கக்கா" என்பாள்.

எனக்குப் பல மாதமாக வயிற்று வலி. நாங்கள் பிழைக்க வந்த ஊரில் டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் "பெயின், பெயின்" என்று வயிற்றைக் காட்டினேன். வாய்வு என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார். மறுபடியும் போனேன், அதே மாத்திரை. என்ன நோயோ ஏதோ என்று தினமும் உள்ளுக்குள் செத்துப் பிழைத்தேன். அந்தப் பயத்தைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

அடுத்த முறை ஓரகத்தியும் கூட வந்தாள். டாக்டரம்மா கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"எப்படி வலிக்குதுக்கா? வலிக்குதுன்னு மொட்டையா சொல்லாதீங்க."

"என்னத்தச் சொல்ல! விலாவுக்குக் கீழ பிடிச்சுப் பிசையுது. சாப்பிட்டா சுருக்குன்னு ஆரம்பிச்சு தோள்பட்டை வரைக்கும் இழுக்குது. அப்புறம் கடுப்பு. இப்ப ரெண்டு நாளா விண்ணு விண்ணுனு தெறிக்குது."

அவள் நிதானமாகப் பேச ஆரம்பித்தாள். பிசைவதற்கு ஒரு வார்த்தை, இழுப்பதற்கு வேறொன்று. ஓரிடத்தில் சொன்னதை வேண்டாமென்று தலையாட்டிவிட்டு இன்னொன்றை எடுத்தாள். டாக்டரம்மாவின் கை தட்டச்சு செய்வதை நிறுத்தியது. நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"பிசையறது விட்டு விட்டா, விடாமலான்னு கேக்குறாங்க."

"விட்டு விட்டு."

அதையும் கொண்டுபோய்ச் சேர்த்தாள். இத்தனை மாதம் என்னோடு மட்டுமே கிடந்த வலி, அந்த அம்மாவின் முகத்தில் தெரிந்தது. எழுந்து வந்து விலாவுக்குக் கீழே அழுத்தினார். எனக்கு மூச்சு நின்று வந்தது. உடனே போனை எடுத்தார்.

"பித்தப்பையா இருக்கலாமாம்க்கா. இப்பவே ஸ்கேன், அநேகமா ஆபரேஷன். குணமாக்கிடலாம்னு சொல்றாங்க."

பிறகு அவளாகவே மெதுவாக ஏதோ சொன்னாள். டாக்டரம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப என்னடி சொன்ன?"

"ரொம்ப நாளா பயந்துக்கிட்டு இருக்கீங்கன்னு."

"நான் அதைச் சொல்லவே இல்லையேடி!"

"சொல்லலதான்."

"அடிப்பாவி" என்றேன். டாக்டரம்மா முன்னாலேயே அவள் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதேன்.