ஆயுத பூஜைக்குத் துடைத்த கம்ப்யூட்டர்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் குமரேசன் கம்ப்யூட்டரையும் சுத்தம் பண்ணினான். மானிட்டரைத் துடைத்தான், கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினான். அதோடு விட்டிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். சும்மா இருப்பானா? உள்ளேயும் போனான். ஆரணியில் பட்டுப்புடவைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக் கொடுப்பவன் அவன். போட்டு வைத்த டிசைன்களுக்கு நடுவே, ஃபோல்டருக்கு ஃபோல்டர், ஒரே பேரில் ஒரு குட்டி ஃபைல் உட்கார்ந்திருந்தது. அவன் வைத்ததல்ல. வைரஸேதான் என்று தேடித் தேடி அழித்தான். பூஜை நாளில் வீட்டுக்குள் குப்பை தங்கலாமா? ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டு, மானிட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்தான்.

அந்தக் குட்டி ஃபைல்களில்தான் அவன் பெண்டாட்டி திலகவதியின் இரண்டு வருஷ உழைப்பு இருந்தது.

கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சீடியில் அவள் கண்டெடுத்த சாஃப்ட்வேர் அது. எந்த ஃபோல்டருக்கும் எந்த ஃபைலுக்கும் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி வைக்கலாம். எழுதினதெல்லாம் அந்தந்த ஃபோல்டரிலேயே ஒரு குட்டி ஃபைலாகச் சேர்ந்துவிடும். குமரேசனோ பி1, பி2, புதுசு, கடைசி, கடைசிக்குக் கடைசி என்று பேர் வைக்கிற மகராசன். அவனை நம்பினால் பெத்த பிள்ளையையே அடையாளம் தெரியாது. அதனால் திலகவதி ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்து வைத்தாள். இது தேவிகாபுரம் கல்யாணத்துக்கு, மயிலுக்குக் கொண்டை பெருசா கேட்டாங்க. இதுல ஒரு யானைக்குக் கால் ஒட்டல, தறிக்கு ஓட்டை போட்டு அட்டை அடிக்கறதுக்கு முன்னாடி பார்க்கணும். இப்படி.

பூஜை முடிந்த வாரம் திறந்தாள். எல்லாம் வெறிச்சென்று இருந்தது.

"இன்னாங்க, நான் எழுதினது ஒண்ணுகூட காணோம்?"

"அந்தச் சின்ன ஃபைலா? வைரஸுன்னு நெனச்சிகினு..." குமரேசன் மானிட்டரில் காய்ந்திருந்த சந்தனப் பொட்டைச் சுரண்டினான்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

"ஒரு நாளும் அதைப் படிச்சதே இல்ல, இல்ல?" என்றாள். "இனிமே நான் தொடமாட்டேன். பி1, பி2ன்னே கட்டிகினு அழுங்க."

அட பாவி மனுஷா, என்று தன்னையே திட்டிக்கொண்டான். படித்ததில்லைதான். அவன் டிசைன் சாஃப்ட்வேரில் நேராகப் போய்த் திறக்கிறவன்; அதில் அவள் குறிப்பு தெரியாது. தான் போட்ட கோடு ஒவ்வொன்றையும் ஒருத்தி உட்கார்ந்து பார்த்திருக்கிறாள், அது தெரியாமலே இரண்டு வருஷம் ஓட்டியிருக்கிறான். குறிப்பு போனால் போகட்டும், அவள் இனிமேல் பார்க்கமாட்டாள் என்பதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

மத்தியானம் சாப்பிட்டதும் அவள் சாஃப்ட்வேரைத் திறந்து, குறிப்பைத் தானே எழுத உட்கார்ந்தான். 'மயில் பார்டர்' என்று அடித்தான்.

துணி மடித்துக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள். "மயில்னா எந்த மயில்? ஆரணி பூரா மயில்தான் கீது." போய்விட்டாள்.

ஒன்றொன்றாகத் திறந்து மண்டையை உடைத்துக்கொண்டான். பி1 என்பது எது, அவனுக்கே தெரியவில்லை. மறுநாள் திறந்த ஒரு ஃபைலில் அன்ன பார்டர் வந்தது. வரிசையாக எல்லா அன்னமும் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தன. அதைப் பார்த்ததும் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. மெதுவாக அடித்தான்: 'திலகா கோச்சிகினு சந்தவாசலுக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்த வாரம் போட்டது. வேலை ஓடல. எல்லாத்துக்கும் கழுத்து வாசல் பக்கம் திரும்பிடுச்சி.'

காப்பி கொண்டுவந்தவள் டம்ளரை வைக்காமல் நின்றபடியே படித்தாள்.

"திருத்தியிருக்கலாமில்ல?"

"மனசு வரல."

டம்ளரை மேஜைமேல் வைத்தாள். பிறகு, "நவுருங்க" என்று அவன் நாற்காலியிலேயே பாதியைப் பிடித்து உட்கார்ந்தாள். அடுத்த ஃபைலைத் திறந்தாள். இரண்டு பேருக்கும் ஞாபகம் இல்லாத ஒரு கொடி, திரையை நிறைத்துக்கொண்டு வளைந்து வளைந்து ஓடியது. மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார்கள். அவள் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து அடித்தாள்.

'யாருக்குப் போட்டதுன்னு தெரியல. ரெண்டு பேரும் பார்த்தோம். நல்லா கீது.'