இன்னைக்கு ஆட்டம் இல்ல

புருஷன் ஐஸ் பெட்டிக்குள் கிடக்கும்போது பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து அவன் போனை நோண்டிக்கொண்டிருந்தால், நீங்கள் என்ன நினைப்பீர்கள்? மொக்கம்மாளும் அதைத்தான் நினைத்தாள்.

"ஏத்தா சோலை, அழுகுற நேரத்துல அதுல என்னத்தப் பாக்குற?"

மொக்கம்மாள் இறந்துபோன பாண்டித்துரையின் அக்கா. காலையிலிருந்து ஒப்பாரி வைத்ததில் தொண்டை கட்டியிருந்தது. கண்ணுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

"ஒண்ணுமில்ல மதினி" என்று சோலையம்மாள் போனை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

காலை ஆறு மணிக்குப் பல் விளக்கப் போன பாண்டித்துரை தண்ணீர்த் தொட்டி ஓரமாகச் சரிந்து விழுந்தார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் அந்தப் போன் நாலு தடவை டிங், டிங் என்றது. பத்து மணிக்கு மேல் சத்தத்தைக் காணோம். அதுதான் சோலையம்மாளுக்கு உறுத்தியது. டிங் அனுப்பிய ஆள் யாராயிருந்தாலும், அதற்கும் சாவுச் சேதி போயிருக்கிறது.

மூன்று மணியானால் அவர் போனோடு மொட்டை மாடிக்குப் போவார். வடகம் காயப்போட இவள் மேலே ஏறினால் போனைக் கவிழ்த்து வைப்பார். அதற்கு முன் உதட்டில் இருந்த சிரிப்பைக் கவிழ்க்க அவருக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை தவறாமல் ஜீப்பேறிக் குரங்கணிக்கு மேலே இருந்த ரெண்டு ஏக்கர் ஏலத்தோட்டத்துக்கும் போய்வந்தார். அவளும் ஒருநாள் கேட்டதில்லை.

மகள் அனுசியாவைச் சாடை காட்டி அடுப்படிக்குள் கூப்பிட்டாள்.

"இத வாசி. பூட்டுக்கீட்டு ஒண்ணும் போடல."

அனுசியா மூக்கை உறிஞ்சிக்கொண்டு பார்த்தாள். "இங்கிலீசு எழுத்த அடுக்கி வெளையாடுற ஆட்டம்மா. எதுத்தாப்புல எம்.எஸ்.னு ஒரு ஆளு."

"ஆம்பளையா பொம்பளையா?"

"போட்டோவுல ஏலச்செடிதான் இருக்கு."

"வார்த்தையெல்லாம் என்ன வார்த்த?"

"இது இங்கிலீசே இல்லம்மா. நான் எம்.காம். படிச்சவ, ஒண்ணு கூடத் தெரியல. கீழ தமிழ்ல அர்த்தம் எழுதிக்கிட்டிருக்காங்க. ஸாக்ஸ்னா கூரைக்கல்லு வெட்டுற கோடாலியாம். ஸோன்னா யாக்குக்கும் பசுவுக்கும் பொறந்த மாடாம். கும்னா மலை மடிப்புல இருக்குற பள்ளமாம்."

குரங்கணியில் அவர்கள் தோட்டத்துக்கு மேலே அப்படி ஒரு பள்ளம் இருக்கிறது. நட்டநடுப் பகலில் நின்றாலும் ஆளைத் தெரியாது.

"அது என்னைக்கு எழுதுனது? செவ்வாக்கெழமையா?"

"புதன்."

"அப்ப மொத நா போயிட்டு வந்ததத்தான் பேசியிருக்காங்க."

"சும்மா இரும்மா" என்றாள் அனுசியா. ஆனாலும் அவள் விரல் மேலே மேலே தள்ளிக்கொண்டே போனது.

வெளியே மொக்கம்மாள் யாருக்கோ சொல்வது போல இவளுக்குச் சொன்னாள். "நீர்மாலைக்கு நேரமாச்சு. இவ பொறந்த வீட்டுக் கோடி வருமா, இல்ல நானே கடைக்கு ஆள விடவா? ஊரே சிரிக்கப் போவுது."

நீர்மாலைத் தண்ணீர் கொண்டுவந்து பிணத்தைக் குளிப்பாட்டி எடுக்குமுன் உடன்பிறந்தவன் கொண்டுவரும் புதுச்சேலையைப் போட்டுத்தான் விதவையை உட்கார வைப்பார்கள். சோலையம்மாளின் அண்ணன் மலைச்சாமி ராசிங்காபுரத்தில் இருக்கிறார். பதினோரு வருஷமாகப் போக்குவரத்து இல்லை. அனுசியாவுக்கு முறையான மாப்பிள்ளை அவர் மகன். அவனுக்கு மதுரையில் பெண் எடுத்துவிட்டார். அன்றைக்குப் பாண்டித்துரை ஒரே பேச்சாகச் சொன்னார்: "அந்த வீட்டுப் படிய மிதிச்சா, இந்தப் படிய மிதிக்காத."

அவள் மிதிக்கவில்லை. பெற்ற தாய் செத்ததே மூன்றாம் நாள் போடி மார்க்கெட்டில் பூக்காரி சொல்லித்தான் தெரிந்தது. ஓடிவந்து, போகட்டுமா என்று இவரைக் கேட்டாள். "எல்லாம் முடிஞ்சிருச்சே, இனிமே என்னத்துக்கு" என்றார். கிரைண்டரை ஓடவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதாள்.

"அம்மா." அனுசியாவின் விரல் நின்றிருந்தது. "இந்த எடத்துல வார்த்த ஒண்ணும் இல்ல. 'இன்னைக்கு ஆட்டம் இல்ல. அம்மா காலையில தவறிட்டாங்க'ன்னு இருக்கு."

"அதுக்கு உங்கப்பா?"

"'சரி'ன்னு போட்டிருக்காரு."

"தேதி?"

"பிப்ரவரி பதினொண்ணு. நாலு வருசம் ஆச்சு."

சோலையம்மாள் தேதியை இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். அவளுடைய அம்மா செத்த நாள் அது. அம்மாவைப் பறிகொடுத்த அந்த எம்.எஸ். பெண்ணும் இல்லை, அந்நியமும் இல்லை. மலைச்சாமி.

தெருமுனையில் கொட்டுச் சத்தம் கேட்டது. கேதத்துக்கு வந்திருந்தவர்கள் வழிவிட்டார்கள். தாம்பாளத்தில் சேலையும் மாலையுமாக மலைச்சாமி நேரே தங்கச்சியிடம் வந்தார். முகம் வீங்கியிருந்தது. அவள் கையில் போனைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"எத்தன வருசமாண்ணே?"

"ஆறு இருக்கும் ஆத்தா. எஸ்டேட்டுல ஒண்ணா வேல பாத்தப்ப, மேனேஜர் விட்டுட்டுப் போன பலகையில வெளையாடிப் பழகுனது. போன்ல மொதக் கூப்ட்டதே மாப்ளதான். வீட்டுப் பேச்சு பேசக் கூடாது, வார்த்த மட்டுந்தான்னாரு. இன்னைக்குக் காலையில கூட நாலு தடவ கூப்ட்டுப் பாத்தேன், எங்கடா ஆளக் காணோம்னு…"

"அம்மா செத்தது அவருக்கு அன்னைக்கே தெரியும்."

மலைச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். "ஆள் விட்டுச் சொல்ல ரோசம் விடல. அதுல போட்டா உன்னைய அனுப்பிருவாருன்னு நெனச்சேன். சாயந்தரம் வரைக்கும் தூக்காம வச்சிருந்தோம்."

அவள் ஐஸ் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். அன்றைக்கே சொல்லியிருந்தால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்டிருப்பாள்; ஆட்டம் வெளியே வந்திருக்கும்.

"அங்க என்ன குசுகுசுப்பு? கோடியப் போடுங்கப்பா, வெரசா" என்றாள் மொக்கம்மாள்.

மலைச்சாமி சேலையை விரித்து அவள் தோளில் போட்டார். தலையைச் சாய்த்து வாங்கிக்கொண்டாள். நீர்மாலை வந்தது. நாலரை மணிக்குத் தூக்கினார்கள். பெண்கள் கட்டிப்பிடித்துக் கதறியபோதும் அவள் கண்ணிலிருந்து சொட்டு வரவில்லை.

"நெஞ்சழுத்தத்தப் பாரு" என்றாள் மொக்கம்மாள், எல்லாருக்கும் கேட்கும்படி.

மறுநாள் காலையில் ஆண்கள் பால் தெளிக்கச் சுடுகாட்டுக்குப் போனார்கள். பதினாறு நாள் வாசல் தாண்டக் கூடாதவள் ஏழேகால் பஸ்ஸில் ராசிங்காபுரம் போய் இறங்கினாள். அண்ணன் வீட்டு வாசலில் முடியை அவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, தன் அம்மாவுக்காக அழுதாள்.